டிரைவ் ஷாஃப்ட்டும் ஃபைனல் டிரைவும் பழுதானால்: குறைந்த செலவில் சரிசெய்வதற்கான முழுமையான வழிகாட்டி

ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்குப் பதிலாகச் சுழலும் தண்டால் பின்சக்கரத்தை ஓட்டும் அமைப்பு) கொண்ட மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் ஆடத் தொடங்கினாலோ, கியர் போட்டதும் அடியிலிருந்து ‘டங்’கென்று சத்தம் வந்தாலோ, பெரும்பாலான பணிமனைகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: முழு யூனிட்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும். வண்டி பழையதாக இருந்தால் அந்தப் புதிய யூனிட்டின் விலை வண்டியின் சந்தை விலையையே எட்டிப்பிடித்துவிடும். ஆனால் அப்படி ஒதுக்கப்பட்ட யூனிட்டைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே கெட்டிருப்பது பெரும்பாலும் ஒரு பேரிங்கோ, ஓர் ஆயில் சீலோ, ஒரு கிராஸ் ஜாயின்ட்டோதான். சுற்றியுள்ள விலையுயர்ந்த கிரவுன் வீல், பினியன் என்ற பல்சக்கர ஜோடியும் அலுமினிய உறையும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் நிலையிலேயே இருக்கும். செலவைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, கெட்டது எது என்பதைச் சந்தேகமில்லாமல் கண்டுபிடிப்பதே.

ஸ்பேனர் பிடித்துப் பழகிய, தன் வண்டியின் பணிமனைக் கையேட்டைப் புரட்டத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு லேத் பட்டறையிடம் கொடுக்க வேண்டும் என்பதை இனி வரிசையாகப் பார்ப்போம். முறுக்கு விசையின் அளவுகள் மாடலுக்கு மாடல் மாறுவதால், அவற்றை உங்கள் வண்டியின் கையேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

விசை போகும் வழி

கியர்பாக்ஸின் வெளியீட்டு முனையிலிருந்து ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் வழியாக ஷாஃப்ட் சுழல்கிறது. இரண்டு கவைகளை (‘U’ வடிவ முனைகளை) ‘கிராஸ்’ என்ற சிலுவை வடிவத் துண்டால் இணைத்து, வளைந்தபடியே சுழல விடும் இணைப்பு அது; கிராஸ் ஜாயின்ட் என்பதும் இதுவே. அதன் பின்முனை, பல் வரிசை கொண்ட ஸ்ப்லைன் இணைப்பின் மூலம் பினியனைச் சுழற்றுகிறது. பினியன் தனக்குச் செங்குத்தாக நிற்கும் கிரவுன் வீலைத் திருப்ப, அது சக்கரத்தைத் திருப்புகிறது. இந்த இரண்டையும் அடக்கிய பின்முனைப் பெட்டிதான் ஃபைனல் டிரைவ். ஹோண்டா சிஎக்ஸ்500 போன்ற பெரும்பாலான ஜப்பானிய ஷாஃப்ட் வண்டிகளில் முன்முனையில் மட்டும் ஒரு ஜாயின்ட் இருக்கும். பி.எம்.டபிள்யூ 1980-இல் ஆர்80ஜி/எஸ் வண்டியில் கொண்டுவந்த ஒற்றைக்கை ஸ்விங் ஆர்மும் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) ஒரே ஜாயின்ட்டோடுதான் வந்தது. 1987-இல் ஆர்100ஜிஎஸ் வண்டியோடு வந்த பாராலீவர் அமைப்பில் ஃபைனல் டிரைவுக்கு முன்னால் இரண்டாவது ஜாயின்ட் ஒன்று சேர்ந்தது. ஆக்சிலேட்டரைத் திருகும்போது வண்டியின் பின்பகுதி எழும்பும் குணத்தை அது அடக்கியது. பதிலுக்கு, தேயக்கூடிய பாகங்களின் எண்ணிக்கையை அது கூட்டியது.

இரண்டு ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட்டைப் பற்றி ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் பழுதுபார்க்கும்போது நேரும் மோசமான தவறுகளில் ஒன்று இங்கேதான் பிறக்கிறது. கிராஸ் ஜாயின்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு இருமுறை கூடிக் குறையும். வளைவு 5 பாகையானால் அந்த ஏற்ற இறக்கம் அரை சதவீதத்துக்கும் குறைவு. 10 பாகையில் அது ஒன்றரை சதவீதம். 20 பாகையில் ஏறத்தாழ 6 சதவீதம். முன் ஜாயின்ட் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் எதிர்த்து அழிக்க வேண்டுமென்றால், ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஸ்ப்லைனை ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் அந்த ஒழுங்கு கெடும், 90 பாகை தவறினால் இரண்டும் ஒன்றோடொன்று கூடி வண்டியையே நடுங்க வைக்கும்.

எது கெட்டது என்று கண்டுபிடித்தல்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தை மேலும் கீழுமாக இரு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு முன்னும் பின்னுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருப்பது மட்டும் தெரிந்தால் போதாது, அது எந்த மூட்டில் நடக்கிறது என்பதே தேவை. இன்னொருவர் சக்கரத்தை ஆட்டும்போது, உங்கள் கட்டை விரலைச் சக்கர ஹப்புக்கும் ஃபைனல் டிரைவ் உறைக்கும் இடையிலுள்ள கோட்டின் மீது, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக வையுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் விரலின் தசை கிள்ளப்படுவது போலத் துல்லியமாக உணர்வீர்கள். கண்ணுக்குத் தெரியாத பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அசைவைக்கூட விரல் சொல்லிவிடும். அங்கே அசைவில்லை என்றால், அதே விரலை உறைக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையிலுள்ள மூட்டில் வைத்துப் பாருங்கள். முதல் இடத்தில் ஆட்டம் என்றால் கிரவுன் வீலைத் தாங்கும் பெரிய பேரிங். இரண்டாவது இடத்தில் என்றால் மூட்டுப் பேரிங். பின்னதைச் சரிசெய்வது முன்னதைவிட மிகவும் எளிது. மூட்டு ஆட்டத்தை ஃபைனல் டிரைவ் ஆட்டமென்று எண்ணி, நல்ல யூனிட்டை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து முதல் கியரைப் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாகச் சுழற்றுங்கள். சில பாகை வெற்றுச் சுழற்சி எல்லா வண்டியிலும் இருக்கும். கியர்பாக்ஸின் உள்ளேயும் அதில் ஒரு பங்கு உண்டு. ஷாஃப்ட்டின் ரப்பர் பூட்டை (ஜாயின்ட்டை மூடியிருக்கும் மடிப்பு உறையை) விலக்கி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், சக்கரம் திரும்பியும் ஷாஃப்ட் திரும்பாத இடம் எது என்பது தெரியும். ஷாஃப்ட் அசைந்து ஜாயின்ட்டின் மறுபக்கக் கவை அசையவில்லை என்றால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. இரு கவைகளும் சேர்ந்தே அசைந்து, ஆட்டம் பினியன் முனையில் தெரிந்தால் ஸ்ப்லைன் தேய்ந்திருக்கிறது. பூட்டை விலக்கும்போது உள்ளே துருத்தூள் கொட்டினால் ஜாயின்ட்டில் கிரீஸ் வறண்டு நாளாகிறது. எண்ணெய் ஒழுகினால் பினியன் சீலோ கியர்பாக்ஸ் சீலோ போயிருக்கிறது. மணத்தை வைத்தும் பிரித்தறியலாம்: கந்தகம் கலந்த கியர் எண்ணெயின் நெடி வேறெந்த எண்ணெய்க்கும் இல்லை. கியர்பாக்ஸ், ஃபைனல் டிரைவ் ஆகிய இரண்டு பெட்டியிலும் ஒரே வகை கியர் எண்ணெய் ஊற்றும் வண்டிகளில் மட்டும் இந்தச் சோதனை உதவாது. அங்கே இரண்டின் அளவையும் பார்த்து, எது குறைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவதாக எண்ணெயை வடித்துப் பாருங்கள். பெரும்பாலான ஃபைனல் டிரைவ்களின் வடிகால் போல்ட்டில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். அந்தப் பசையை ஒரு வெள்ளைத் தாளில் தடவி, வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். மீன் செதில் போலத் தட்டையாக மின்னும் துணுக்குகள் தெரிந்தால் பேரிங்கின் ஓடுபாதை உரிகிறது என்று பொருள். தடித்த, முனை மழுங்காத துண்டு கிடைத்தால் பல்லின் ஒரு மூலை உடைந்திருக்கலாம். அப்படியானால் பேரிங் மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது.

இந்தச் சோதனைகளில் ஹப்பில் ஆட்டமோ செதில்களோ தெரிந்துவிட்டால், பழுது முடியும்வரை வண்டியை ஓட்டக் கூடாது. பெரிய பேரிங் முற்றிலும் சிதறும்போது சீல் கிழிந்து எண்ணெய் டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் இறங்கும். மோசமான நிலையில் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். அதோடு, சிதறிய உருண்டைகளின் துணுக்குகள் பற்களுக்கு இடையில் அரைபட்டு, மலிவாக முடிந்திருக்க வேண்டிய வேலையைக் கிரவுன் பினியன் வரை இழுத்துவிடும்.

கழற்றும்போது

எண்ணெயை வடித்து, சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் சென்சாரையும் கழற்றி, காலிப்பர் அதன் குழாயில் தொங்காதபடி கம்பியால் கட்டி வையுங்கள். எதையும் இழுப்பதற்கு முன்பு, ஷாஃப்ட்டும் பினியனும், ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸும் சந்திக்கும் இடங்களில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். பழைய கோடு ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதை நம்ப வேண்டாம்; முன்பு பூட்டியவர் தவறாகப் பூட்டியிருக்கவும் கூடும். கவைகள் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பதை இப்போதே கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூட்டுப் பின்கள் பல வண்டிகளில் வலுவான த்ரெட் லாக்கர் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். குளிர்ந்த நிலையில் பலம் போட்டால் உடைவது பசை அல்ல, அலுமினியத்தின் மரைதான். ஹீட் கன்னால் அந்த இடத்தைச் சில நிமிடங்கள் கையேடு அனுமதிக்கும் அளவுக்குச் சூடாக்கிய பிறகு, பின் ஒருவித முனகலோடு மெல்ல விட்டுக்கொடுக்கும். கேஸ் சுடரை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பக்கத்திலேயே ரப்பர் பூட்டும், எண்ணெய்ப் பிசுக்கும், பிரேக் குழாயும் இருக்கின்றன.

ஷாஃப்ட்டும் கிராஸும்

வெளியே எடுத்த ஷாஃப்ட்டைச் செங்குத்தாகப் பிடித்து, ஜாயின்ட்டை எல்லாத் திசையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். நல்ல கிராஸ் சற்று இறுக்கமாக, வெண்ணெயில் கத்தி போவது போல நகரும். நேர் நிலைக்கு வரும்போது ‘டக்’கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால், கிராஸின் முனைகளை மூடும் கப்புகளுக்குள் இருக்கும் ஊசி போன்ற நீடில் உருளைகள் கிராஸின் தண்டில் தடம் பதித்துவிட்டன. கையில் வேறு ஆட்டமே இல்லாவிட்டாலும் அந்தக் கிராஸின் ஆயுள் முடிந்தது என்றே கொள்ள வேண்டும்.

இங்கேதான் ‘தனியாக மாற்ற முடியாது, முழு ஷாஃப்ட்டும் வேண்டும்’ என்ற பதில் எழுகிறது. தொழிற்சாலை கிராஸின் கப்புகளைச் சர்க்லிப் (காடியில் உட்காரும் எஃகு வளையம்) போட்டு நிறுத்தாமல், கவையின் ஓரத்தை உளியால் அடித்து மடக்கி நிறுத்தியிருக்கும் என்பதே அதற்குக் காரணம். அது உற்பத்தியைச் சிக்கனமாக்கும் முறை. மாற்றவே முடியாது என்பதற்குச் சான்றல்ல. கார், லாரிகளின் ஜாயின்ட் ஷாஃப்ட்டைச் செப்பனிடும் பட்டறைகள் மடங்கிய உலோகத்தைச் சாணை பிடித்து நீக்கி, கப்புகளைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, கவையின் துளையில் சர்க்லிப்புக்கான காடியை வெட்டி, அளவு பொருந்தும் பொதுச்சந்தைக் கிராஸை மாட்டித் தருகின்றன. அவர்களிடம் போவதற்கு முன் நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை இரண்டு அளவுகள்: கப்பின் வெளிவிட்டம், எதிரெதிர்க் கப்புகளின் வெளிமுகங்களுக்கு இடையிலான மொத்த நீளம். வெர்னியரில் மூன்று முறை அளந்து குறியுங்கள். விட்டத்தில் அரை மில்லிமீட்டர் பொருந்தாத கிராஸைத் துளையைப் பெரிதாக்கிப் புகுத்தலாம் என்று யாராவது சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். துளை மையம் விலகினால் ஷாஃப்ட் சமநிலை இழக்கும்.

கிராஸ் பொருத்தியதும் அது நான்கு திசையிலும் நடுவில் நிற்க வேண்டும். தடிமன் மாறுபட்ட சர்க்லிப்புகளைக் கொண்டு நடுப்படுத்துவார்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ் கிடைத்தால், வளையும்போது நிப்பிள் கவையில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பாராலீவர் போன்ற பெரிய வளைவுள்ள அமைப்பில் இடம் மிகக் குறைவு என்பதால், நிப்பிள் இல்லாத, நிரந்தரமாக மூடிய கிராஸே பல நேரம் பாதுகாப்பானது.

சில ஷாஃப்ட்டுகளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பி.எம்.டபிள்யூவின் பாராலீவர் வண்டிகளில் வெளிக்குழாயும் உள்குழாயும் நடுவில் ரப்பரால் ஒட்டப்பட்டிருக்கும். அதிர்ச்சியை உறிஞ்சுவதற்கான ஏற்பாடு அது. சீல் ஒழுகி எண்ணெய் பட்டாலோ, வயதானாலோ அந்த ரப்பர் பிடி விட்டுவிடும். அப்போது ஒரு முனைக் கவை மற்றதைவிடச் சுழன்று ஒழுங்கு தவறும், அல்லது எஞ்சின் சுழன்றும் சக்கரம் நகராது. ரப்பரைத் தாண்டி ஒரு நேர்கோடு வரைந்துவிட்டு, சில நூறு கிலோமீட்டர் கழித்துக் கோடு முறிந்திருக்கிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை. ரப்பரை அகற்றிவிட்டு ஒரே குழாயாகப் பற்றவைத்துத் தருகிறவர்களும் உண்டு. அது ஓடும், ஆனால் ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி இனி கியர்பாக்ஸுக்கும் பினியனுக்கும் போகும். மிதமாக ஓட்டுகிறவருக்கு அது ஏற்கத்தக்க சமரசம்; கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். எந்த முறையில் செய்தாலும், முடிந்த ஷாஃப்ட்டை லேத்தில் சுற்றி, டயல் கேஜ் (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) முள் எவ்வளவு ஆடுகிறது என்பதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். சமநிலையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

ஸ்ப்லைன்

தேய்ந்த ஸ்ப்லைன் பல்லின் முகட்டில் தட்டையான இடம் குறைந்து, சுறாப் பல் போல ஒரு பக்கம் சாய்ந்து கூர்மையாகும். விரல் நகத்தைப் பல்லின் பக்கவாட்டில் ஓட்டினால், தேயாத பகுதியும் தேய்ந்த பகுதியும் சந்திக்கும் படி தடுக்கும். ஆண், பெண் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால், தேய்ந்த பழையது புதியதையும் சீக்கிரமே தன் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். வெல்டிங்கால் பல்லை நிரப்பி அரத்தால் ராவும் வேலை சில வாரங்கள்கூடத் தாங்காது. கடினப்படுத்தப்பட்ட பினியன் மீது வெல்டிங் வைத்தால் உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். ஷாஃப்ட்டின் பெண் ஸ்ப்லைன் மட்டும் போயிருந்தால், கழித்த வண்டியிலிருந்து நல்ல ஸ்ப்லைன் உள்ள முனையை வெட்டி எடுத்து, லேத்தில் மையப்படுத்தி, குழாய்ப் பகுதியில் பற்றவைப்பது முறையான சிக்கனம்.

சக்கரத்துக்கும் கிரவுன் வீலுக்கும் இடையில் ஸ்ப்லைன் உள்ள வண்டிகளில், சக்கரப் பக்கத்து விளிம்பு தனிப்பாகமாகக் கிடைத்தால் அது பெரும் ஆறுதல். இந்தத் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் காரணம் உலர்ந்து ஓடியதே. மாலிப்டினம் டைசல்பைடு நிறைந்த பசையை, டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பழையதைத் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். சாதாரண மஞ்சள் கிரீஸ் சுழற்சியில் வெளியே வீசப்பட்டுவிடும். ஹோண்டா தன் கையேடுகளில் இந்த இடத்துக்கென்றே மாலி பசையைக் குறிப்பிடுகிறது.

ஃபைனல் டிரைவைத் திறத்தல்

வேலையின் இதயம் இதுதான், ஆகவே அவசரம் வேண்டாம். உறையை வெளியே நன்றாகக் கழுவிவிட்டுத் திறக்கும் முன், மேலே மூச்சுத்துளை இருக்கும் மாடலானால் அது அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேறு அடைத்த துளையால் உள்ளே சூட்டோடு அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் கசிய வைக்கும். பத்து நிமிடச் சுத்தத்தோடு சில ‘சீல் பழுதுகள்’ முடிந்துவிடுவதும் உண்டு.

பக்க மூடியின் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்தி, மூடியைச் சற்றுச் சூடாக்கினால் கிரவுன் வீலோடு சேர்ந்து வெளியே வரும். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய வளையத் தகடு) எங்கிருந்து வந்ததோ அதை அங்கேயே வைத்துக் குறியுங்கள். மைக்ரோமீட்டரில் தடிமனை அளந்து தாளில் எழுதுங்கள். பற்களை நன்றாகத் துடைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். மங்கலான, ஒரே சீரான தேய்வுத் தடம் பல்லின் நடுவில் இருந்தால் கிரவுன் பினியன் நல்லது. குழிகளோ, உடைந்த மூலையோ, நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால் இந்த யூனிட்டில் மேலும் செலவிட வேண்டாம். பழைய யூனிட் ஒன்றைத் தேடுவதே மலிவு. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

பற்கள் நல்லவை என்றால் பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வரும் பேரிங்கும் பேரிங் தயாரிப்பாளரிடமிருந்து வருவதே. அந்த எண்ணைச் சொல்லிப் பேரிங் கடையில் வாங்கினால் விலை பெருமளவு குறையும். உதாரணமாக 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ.; கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும் என்பது 04 முதல் மேலுள்ள எண்களுக்குப் பொருந்தும். எண்ணுக்குப் பின் வரும் சி3 போன்ற குறியையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அது உள்ளிடைவெளியைக் குறிப்பது, சூடாகி ஓடும் இடத்தில் அதை மாற்றிப் போடக் கூடாது. சில வண்டிகளில் பேரிங் பொதுச்சந்தையில் இல்லாத தனி அளவாக இருக்கும். அங்கே வண்டி நிறுவனத்திடமே வாங்க வேண்டும். ஆயில் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். எந்த இடத்திலும் மிச்சம் பிடியுங்கள், பேரிங்கின் தரத்தில் மட்டும் வேண்டாம். நம்பகமான தயாரிப்பாளரின் பெயரை அச்சிட்ட போலிப் பெட்டிகளும் விற்பனையில் இருப்பதால், வழக்கத்துக்கு மாறான மலிவு விலையே சந்தேகத்துக்கு இடம்தான்.

கிரவுன் வீலின் கழுத்தில் இறுகியிருக்கும் பழைய பேரிங்கைப் புல்லரால் இழுப்பது சரியான வழி. இடமில்லாவிட்டால், வெளிவளையத்தையும் உருண்டைகளையும் நீக்கிவிட்டு, உள்வளையத்தில் சிறு கிரைண்டரால் கழுத்தைத் தொடாத ஆழம்வரை ஒரு காடி வெட்டி, அதில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் வளையம் பிளந்து தளரும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. கடினமான வளையம் கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்கும்.

புதியதை மாட்டச் சுத்தியல் தேவையில்லை, சூடு போதும். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இருமடங்கு விரியும். வெளிவிட்டம் 120 மி.மீ. உள்ள பேரிங் உட்காரும் அலுமினியத் துளையை அறை வெப்பத்திலிருந்து 80 பாகை கூடுதலாகச் சூடாக்கினால், துளை ஏறத்தாழ 0.22 மி.மீ. பெரிதாகும், குளிர்ந்த பேரிங் அதில் தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்துவிடும். கிரவுன் வீல் கழுத்தில் மாட்டும்போது நேர்மாறாக, பேரிங்கைச் சூடாக்க வேண்டும். 100 பாகை செல்சியஸைச் சுற்றி இருந்தால் போதும், 120-ஐத் தாண்ட விடாதீர்கள். உட்கார்ந்தவுடன் ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள், ஏனென்றால் ஆறும்போது அது சற்றுப் பின்னால் நகர்ந்து இடைவெளி விடுவதுண்டு.

இனி பெரும்பாலோர் தவறவிடும் இடம். அதே எண் கொண்ட இரு பேரிங்குகளின் அகலம் சரியாக ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பெரிய பேரிங்குகளில் 0.1 மி.மீ.க்கும் மேலான வேறுபாட்டைத் தரநிலையே அனுமதிக்கிறது. பேரிங்குக்கு வேண்டிய முன்னழுத்தமோ (ஆட்டம் இல்லாதபடி மூடி அதைப் பக்கவாட்டில் அழுத்தும் அளவு) 0.05 முதல் 0.10 மி.மீ. என்ற அளவிலேயே பல யூனிட்டுகளில் இருக்கும். ஆகவே பழைய ஷிம்மைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பப் போட்டால், பேரிங் தளர்ந்து ஓடும் அல்லது நசுங்கி வேகும். புதிய பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மீண்டும் போய்விட்டது என்று குறைப்படுகிறவர்களில் பலர் இந்த அளவை எடுக்காமல் விட்டவர்கள்தான் என்பது என் எண்ணம்.

அளக்கும் முறை எளிது. பழைய, புதிய பேரிங்குகளின் அகலத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, வேறுபாட்டை ஷிம் தடிமனில் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். பிறகு ஓ-ரிங்கும் சீலன்ட்டும் இல்லாமல் மூடியை வைத்து, பேரிங் மேல் அது வந்து அமரும் வரை மட்டும் போல்ட்டுகளைச் சமமாக விரலால் இறுக்குங்கள். மூடிக்கும் உறைக்கும் இடையில் எஞ்சும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளால்) நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். உலோகமும் உலோகமும் நேரடியாகச் சேரும் மூடியில் அந்த இடைவெளிதான் உங்கள் முன்னழுத்தம். கையேடு 0.05 முதல் 0.10 வரை கேட்க, உங்களுக்கு 0.20 கிடைத்தால் ஷிம்மில் 0.12 குறைத்தால் 0.08 வரும். இடைவெளியே இல்லாமல் மூடி உறையில் படிந்துவிட்டால் ஷிம் போதவில்லை. கேஸ்கெட் உள்ள மாடலில் அதன் அழுந்திய தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூடியை முழுதும் இறுக்கிய பிறகு பினியனைப் பிடித்துக்கொண்டு, கிரவுன் வீலின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் பாருங்கள். இந்தப் பேக்லாஷ் பொதுவாக 0.1 மி.மீ.யை ஒட்டிய சிறு அளவு. கிரவுன் வீலின் சில பற்களில் மெல்லிய நீலச் சாயம் பூசி, கையால் தடையோடு சுழற்றினால் பல் பதியும் தடம் தெரியும். அது பல்லின் நடுவில் விழ வேண்டும். முகட்டிலோ வேரிலோ, ஓரத்திலோ ஒதுங்கினால் ஓட்டும்போது ஊளையிடும். பினியனை அசைக்காமல் இருந்தால் பெரும்பாலும் தடம் பழைய இடத்திலேயே விழும். அதனால்தான் பினியன் பேரிங்கும் நட்டும் நல்ல நிலையில் இருக்கும்வரை அவற்றைத் தொடாதீர்கள் என்கிறேன். அவை கெட்டிருந்தால் தனிக் கருவியும் பெரிய முறுக்கு விசையும் வேண்டும். அந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பது சிக்கனத்துக்கு எதிரானதல்ல.

புதிய சீலை அமர்த்தும் முன், அது உரசும் இடத்தில் பழைய சீல் பதித்த பள்ளம் நகத்தில் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் புதியதை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ அமர்த்தி, தேயாத இடத்தில் உரச வையுங்கள், அதற்கு இடமில்லையென்றால் மெல்லிய உறை வளையம் ஒன்றை மாட்டலாம். உதட்டில் எண்ணெய் தடவாமல் எந்தச் சீலையும் ஏற்ற வேண்டாம்.

பழைய யூனிட் வாங்குவதானால்

பற்கள் போயிருந்தால் கழித்த வண்டியிலிருந்து எடுத்த யூனிட்டே வழி. உறை ஒன்றுபோல் இருந்தாலும் விகிதம் மாறலாம், ஆகவே அதில் பொறித்த பல் எண்ணிக்கையைப் பாருங்கள். பழைய பி.எம்.டபிள்யூ வண்டிகளில் 33/11 என்பது 3.00 விகிதம், 37/11 என்பது 3.36. முன்னதன் இடத்தில் பின்னதைப் போட்டால் அதே வேகத்துக்கு எஞ்சின் 12 சதவீதம் அதிகமாகச் சுழலும். கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் ஸ்பீடோமீட்டரானால் அதே அளவு கூட்டிக் காட்டும். வாங்கும்முன் எண்ணெயை வடித்துக் காந்தத்தைப் பார்க்க அனுமதிக்காத விற்பனையாளரை விட்டுவிடுங்கள். நல்லது என்று தெரிந்த பழைய யூனிட்டுக்கும் சீல்களைப் புதிதாக்கிவிட்டே மாட்ட வேண்டும். பிறகு ஒரு சீலுக்காக மீண்டும் கழற்றுவது வீண்.

பூட்டி ஓட்டுதல்

ஸ்ப்லைன்களில் மாலி பசையை மெல்லிய படலமாகப் பூசி, கவைகள் ஒரே தளத்தில் இருப்பதை உறுதிசெய்து ஷாஃப்ட்டைச் செருகுங்கள். நான் ஒருமுறை இரவில் வேலையை முடிக்கும் அவசரத்தில் ஒரு பல் தவறிப் பூட்டிவிட்டேன். ஓட்டிப் பார்த்தபோது ஃபுட்பெக்கில் ஒரு மெல்லிய நடுக்கம் வந்தது. டயர் சமநிலையைக் குற்றம் சொல்லி இரண்டு நாள் வீணாக்கிய பிறகே ரப்பர் பூட்டை விலக்கிப் பார்க்கத் தோன்றியது. மூட்டுப் பின்களின் மரையைச் சுத்தம் செய்து, புதிய த்ரெட் லாக்கர் இட்டு, கையேட்டின் வரிசைப்படியே இறுக்குங்கள். பி.எம்.டபிள்யூ ஆர்1100, ஆர்1150 வண்டிகளில் மிதக்கும் பக்கப் பின்னுக்கு (இரு மூட்டுப் பின்களில் பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்யும் பின்) 7 நியூட்டன் மீட்டர் மட்டுமே. பலத்தை நம்பிச் செய்தால் மூட்டுப் பேரிங்கில் தடம் விழும்.

கையேடு கேட்கும் தரத்தில், பெரும்பாலும் ஜி.எல்-5 வகைக் கியர் எண்ணெயை, சொன்ன அளவு மட்டும் ஊற்றுங்கள். கால் லிட்டரை ஒட்டிய இந்தச் சிறு பெட்டியில் கூடுதல் எண்ணெய் நன்மை தராது. சூடாகிச் சீல் வழியே வெளியேறி, ‘மறுபடியும் ஒழுகுகிறது’ என்ற வீண் பயத்தையே தரும். எண்ணெய் பட்ட பிரேக் பேடுகளைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள்.

முதல் பத்துக் கிலோமீட்டரை மிதமாக ஓட்டிவிட்டு நிறுத்தி, உறையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் முன்னழுத்தம் அதிகம், ஷிம்மை மீண்டும் பார்க்க வேண்டும். அதே இடத்தில் விரலை வைத்து ஹப் ஆட்டத்தையும் சோதியுங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெயை வடித்துக் காந்தத்தை முன்போலவே வெள்ளைத் தாளில் துடைத்துப் பாருங்கள்: புதிய பேரிங்கும் பழைய பற்களும் ஒன்றோடொன்று பழகிய சாம்பல் பசை மட்டும் இருந்தால், புது எண்ணெயை ஊற்றி வடிகால் போல்ட்டை இறுக்கிவிடலாம், செதில் ஒன்று மின்னினால் அன்றே மூடியைத் திறக்க வேண்டும்.